நூற்றுக்கு இருபது

மதிப்பீடு ஆறு லட்சம்.
நாலு லட்சத்து எண்பதாயிரம் அறக்கட்டளை.
மீதி, படிவத்தில் உள்ளபடி,
பொதுமக்கள் பங்களிப்பு.
ஈத்தம்பாறையில் பொதுமக்கள் என்றால் பத்தொன்பது வீடு.
பங்களிப்பு என்றால் பிடரி.

காரையாறு அணையில் படகேற்றி
அக்கரையில் இறக்கிய சிமெண்டை
மூட்டைக்கு இரண்டாகப் பிரித்துக் கட்டினோம்.
இருபத்தைந்து கிலோ. ஒன்றரை மணி நேர ஏற்றம்.
மேலே ஆற்றில் கிடக்கிற மணலை அள்ளக்கூடாது, வனச்சட்டம்.
ஆகவே அம்பையிலிருந்து வந்த மணலைச் சுமந்துகொண்டு
அந்த ஆற்று மணலை மிதித்துக் கடந்தார்கள்.
தகரம் பன்னிரண்டடி. இருவர் பிடித்துப் போக
சாரல் காற்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது,
விலை கேட்கிறவன் போல.

நான் கணக்கர். வீடு விக்கிரமசிங்கபுரம்.
படகுக் கூலி, சாப்பாட்டுப் படி,
அட்டைக்கடிக்குத் தேய்க்கிற மூக்குப்பொடி வரை
எனக்கு வவுச்சர் உண்டு.
அவர்கள் பெயருக்கு நேரே
'மனமுவந்து' என்று எழுதுவேன்.

நாளுக்கு முந்நூற்றைம்பது, பதினெட்டு நாள், பத்தொன்பது பேர்:
ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து எழுநூறு.
முந்நூறு இடித்தது.
யாரோ ஒருவர் பேரில் ஒரு நாள் கூட்டினேன்.
கையெழுத்துக்காகப் பட்டியலை வாசித்தபோது
அந்த யாரோ எழுந்து வந்தாள்.
பகவதி காணி. முழங்கை வரை சாந்து.

"பத்தொம்பது நாளுன்னு வாசிச்சீரு.
ஒரு நாள் மழை. மகளுக்குக் காய்ச்சல்.
நான் வரல்ல, தேனுக்கும் போவல்ல.
வராத நாளு எனக்கு வேண்டாம், வெட்டும்.
வந்த நாளுக்கு என்ன தருவீரு?"

பள்ளிக்கூடம் என்றேன்.
உங்கள் பிள்ளைகளுக்குத்தானே என்றேன்.
சொல்லிப் பழகிய வாய், தடங்கலில்லாமல் வந்தது.

"சாரே, உம்ம பிள்ளைய படிச்ச பள்ளிக்கூடத்துக்கு
நீரு எத்தனை நடை மணல் சுமந்தீரு?"

கொத்தனார் கரண்டியைத் தட்டுவதை நிறுத்தினார்.

"கூலி வேண்டாம். சொன்ன வாக்கு சொன்னதுதான்.
நூறு ரூவா குடுத்தவுகளுக்கெல்லாம்
ரசீது கிழிச்சுக் குடுக்கீராம்லா?
எனக்கும் ஒண்ணு கிழியும்."

பதினோரு வருஷமாக அந்தப் புத்தகம் என் பையில் இருக்கிறது.
பணமாக, காசோலையாக, பொருளாக.
வேண்டாததை அடிக்கவும்.
மூன்றையும் அடித்தேன்.
மேலே எழுதினேன்: தலைச்சுமையாக.
ரூபாய் ஆறாயிரத்து முந்நூறு மட்டும்.
முத்திரை வைத்தேன். எண் 2207.
நிமிர்ந்தால் வரிசை.
2225-ஐக் கிழிக்கும்போது டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் கல்வெட்டு வந்தது.
கருங்கல், கொடையாளர் பெயர் தங்க நிறத்தில்,
முப்பத்தெட்டு கிலோ.
பங்களிப்பு அதற்குள் முடிந்திருந்ததால்
அதைச் சுமந்தவர்களுக்குக் கூலி கொடுத்தேன்.
இதர செலவு, வரி பதினான்கு.

இப்போது வண்ணார்பேட்டை அலுவலகம்.
மின்விசிறிக்குக் கீழே தணிக்கையாளர்
கார்பன் நகல்களைப் புரட்டுகிறார்.
முந்நூறு குறைவதைச் சிவப்பில் சுழித்தாயிற்று.
வராத பணத்துக்கு எப்படி ஐயா ரசீது,
பத்தொன்பதையும் ரத்து செய்யும் என்கிறார்.

செய்யலாம்.
ரத்து செய்ய அசல் வேண்டும்.
அசல் எல்லாம் மேலே இருக்கிறது,
மூங்கில் குழாய்களுக்குள்,
சாதிச் சான்றிதழ் கேட்ட பழைய மனுக்களோடு சுருட்டி.
அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது, படகு தரை தட்டுகிறது,
சுற்றி நடந்துதான் போக வேண்டும்.
திரும்பும்போது சுமை அதிகமிராது,
பத்தொன்பது தாள்.
முதல் வீடு பகவதியுடையது.
நீங்களே போய்க் கேளுங்கள்.